இழுபட்ட நாடா

பதினெட்டு வருசமாக அடுத்தவரின் இடுப்பை அளக்கிறேன்.
மஞ்சந்தொடுவாயில் ஒரு தையல் கடை,
ஒரு மெஷின், கழுத்து ஆடும் ஒரு ஃபேன்.
கொப்பியில் எல்லாரும் இருக்கிறார்கள்.
மர்லின், மார்பு நாற்பத்திரண்டு,
"நாப்பது எண்டு எழுதுகா."
ஜெஸீமா, கைச்சுற்று பதினாறு,
"துணி சுருங்கும், கொஞ்சம் லூசா வை."

சுருங்குவது துணி அல்ல என்று
எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.
உள்தையலில் இரண்டு அங்குலம் மடித்து வைப்பேன்.
பெருநாளுக்கு முதல், பொங்கலுக்கு முதல்
அதே சட்டையோடு வருவார்கள்.
பிரித்து விடுவேன். ஒன்றும் கேட்பதில்லை.

என் அளவு மட்டும் கொப்பியில் இல்லை.
எனக்கு நான் தைப்பதெல்லாம் நைட்டி.

விரலில் குத்திச் சீனி பார்த்த அன்று
மிட்வைஃப் நிதர்சனா சொன்னாள்:
"புதன் பின்னேரம் மண்டபத்துக்கு வாங்க அக்கா,
தனிய இது செய்யேலாது."
போனேன்.
கதிரைகளில் என் கொப்பி உட்கார்ந்திருந்தது.
பதினொரு பேரும்
வட்டிக்காரி வந்ததுபோல் வாசலைப் பார்த்தார்கள்.

தராசில் ஏறுமுன் செருப்பைக் கழற்றினோம்,
பிறகு மணிக்கூட்டை.
பூரணவதி தோட்டையும் கழற்றினாள்.
அங்கேதான் முதல் சிரிப்பு வந்தது.

அதன்பின் ஒவ்வொரு புதனும் பாவமன்னிப்பு.
கந்தூரிச் சோறு. கலியாண வீட்டு வட்டிலப்பம்.
யாரும் பார்க்காத இரவு பதினொரு மணிக்கு
சட்டியோடு தயிர், மேலே பாணி.
சொன்னவளை யாரும் ஏசவில்லை.
"எந்தக் கடைத் தயிர்?" என்று மட்டும் ஒருத்தி கேட்டாள்.

பிறகு கடற்கரைக்கு நடை.
முதல் கிழமை ஐஸ் கொம்பனி மதிலோடு
முதுகைச் சாய்த்து நின்றுவிட்டோம்.
ஒருவர் மூச்சு அடங்கும் மட்டும் மற்றவர் நிற்பது
அன்று தொடங்கிய பழக்கம்.

ஆறாம் கிழமை அளந்தார்கள்.
எல்லாருக்கும் ஒரு அங்குலம் குறைவு!
கைதட்டல். ஜெஸீமா கண்ணைத் துடைத்தாள்,
"மூணு புள்ள பெத்தத்துக்குப் பிறகு இதான் முதல் தரம்."
மடித்து வைக்க நாடாவை என்னிடம் தந்தார்கள்.
தொட்டதுமே விரல் சொல்லிவிட்டது.
பழைய நாடா தொலைந்து யாரோ வீட்டிலிருந்து வந்தது.
துணி. பல கை இழுத்து நீண்டது.
முப்பத்தாறை முப்பத்தைந்து என்று சொல்லும் நாடா.

சொல்லாமல் விடுவதுதானே என் தொழில்.
இன்னும் ஒரு மடிப்பு,
உள்பக்கம், யாருக்கும் தெரியாமல்.

ஏழு நாள் நித்திரை இல்லை.
மறு புதன் என் நாடாவைக் கைப்பையில் கொண்டுபோனேன்.
இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் நீட்டினேன்.
கடைசி முனைகள் ஒன்றுசேரவில்லை.
ஃபேன் சத்தம் மட்டும்.
மர்லின்தான் முதலில் வாய் திறந்தாள்,
"அப்ப அந்தப் பழசை எனக்குத் தாகா,
வீட்டில வெச்சிக் கும்புடுறன்."
எல்லாரும் சிரித்தோம், ஜெஸீமாவைத் தவிர.
அவள் நடைக்கு வரவில்லை.
அன்று நாங்கள் மதிலைத் தாண்டினோம்,
திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு.

திங்கள் மத்தியானம் கடைக்கு வந்தாள்.
கையில் பிரிக்க வேண்டிய சட்டை எதுவும் இல்லை.
"என்ட அளவ எடு. உள்ளத எழுது."
எழுதினேன்.
அவள் போகவில்லை. நாடாவை என் கழுத்திலிருந்து உருவினாள்.
"நீ எழும்பு."

யாரும் என்னைச் சுற்றிக் கை போட்டு அளந்ததில்லை.
கூச்சத்தில் வயிற்றை எக்கினேன்.
"விடு மூச்ச," என்றாள்.
விட்டேன்.

கொப்பியில் புதுப் பக்கம்.
பேனை எழுத மறுத்தது, இரண்டு தரம் உதறினாள்.
"பேர் என்னெண்டு போட?
இவ்வளவு நாளும் தையலக்கா எண்டுதானே..."

யோகாம்பிகை, என்றேன்.
நாற்பத்தொன்றரை.